கதவு எத்தனை நாள் தாங்க வேண்டும்

மாட்டுக் கொட்டகையின் கதவு அடிப்பக்கம் மக்கி விழுந்துவிட்டது என்று அம்மா ஒரு வியாழக்கிழமை போனில் சொன்னாள். அந்த ஓட்டை வழியாகத் தெருநாய் ஒன்று உள்ளே புகுந்து, ஊறவைத்திருந்த புண்ணாக்கை நக்கிவிட்டுப் போயிருந்தது. புண்ணாக்கு போனால் போகிறது. மாடு சினையாக இருந்தது. கன்று விழுகிற நேரத்தில் நாய் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அம்மாவின் கவலை. பக்கத்துத் தெருவில் பிறந்த ஈரம் காயாத கன்று ஒன்றை நாய்கள் இழுத்துப் போனதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம்.

“புதுசு போட்டுடலாமா, இதையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமா? நீ வந்து பாத்து சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதான்.”

போனை வைப்பதற்கு முன்னால், அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான் என்றும் சொன்னாள். வேறு யாரோ வீட்டுச் செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள்.

அண்ணன் அம்பத்தூரில் இருக்கிறான். அண்ணிக்குக் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா போனால் மாட்டை விற்க வேண்டும், வீட்டைப் பூட்ட வேண்டும். ஆகவே அம்மா என்னிடம் கேட்டது கதவைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. புதுக் கதவு போட்டால் மாடு இருக்கும். மாடு இருந்தால் அம்மா இருப்பாள். அம்மா இருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் திருப்பதியில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஏர்பேடு பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிவிடும். அறையில் என்னோடு இருந்த பெண் கல்யாணமாகிக் கடப்பாவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கட்டிலில் நான் துணி மடித்து வைக்கிறேன். திருப்பதி கூட்டத்துக்குக் குறைவில்லாத ஊர்தான். ஆனால் அந்தக் கூட்டம் மலைக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்புகிற கூட்டம். பஸ் ஸ்டாண்டில் மொட்டையடித்த குடும்பங்கள் லட்டுப் பையோடு தங்கள் ஊர் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கும். நான் அவர்களுக்கு நடுவே புகுந்து ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போவேன். வாரத்தில் ஒருநாள் மட்டும் நானும் அவர்களைப் போலப் பையோடு பஸ் தேடுவேன். புத்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நாராயணவனத்தைத் தாண்டி எங்கள் ஊர்.

தொழிற்சாலையில் என் வேலை, பழுதாகித் திரும்பி வந்த சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, சரிசெய்வதா கழிப்பதா என்று முடிவு சொல்வது. ஒவ்வொன்றுக்கும் கேள்விகள் மூன்றுதான். எது கெட்டது? ஏன் கெட்டது? இன்னும் எத்தனை காலம் உழைக்க வேண்டும்? வரிசை மாறக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஞாயிறு புத்தூரில் இறங்கி ஹார்டுவேர் கடையில் திருகாணியும் கீலும் ரம்பத்துக்குப் பிளேடும் ஒரு சின்ன டப்பா ரெட் ஆக்சைடு பெயின்ட்டும் வாங்கியபோது, கதவுக்கும் இதே மூன்று கேள்விகளைத்தான் வைத்திருந்தேன். ஆனால் பஸ்ஸிலேயே பதிலை முடிவுசெய்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் கதவு. வாங்கிய சாமான்கள் அது வரும்வரை சமாளிக்க.

போய்ச் சேர்ந்தபோது அம்மா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓட்டையை ஒரு சாக்கால் அடைத்து மேலே கல் வைத்திருந்தாள். நாராயணவனத்திலிருந்து ஒரு வெல்டர் வந்து தகரக் கதவுக்கு அளவு எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். தகரத்தில் மஞ்சள் நிற்குமா என்று அவனிடம் கேட்டாளாம். அவன் சிரித்துவிட்டு, “அப்போ மஞ்ச பெயின்ட்டே அடிச்சுடறேன் அக்கா, வருசம் பூரா ஒனக்கு வெள்ளிக்கெழமதான்” என்றானாம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவனுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மஞ்சள் ஏன் பிரச்சனை என்பதற்கு இந்தக் கதவின் கதை தெரிய வேண்டும். நைனா, அதாவது எங்கள் அப்பா, ஊராருடைய கரும்புத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் கூலிக்குப் போனவர். எங்களுக்கென்று நிலம் இல்லாத காலத்தில் கடன் வாங்கி ஒரு ஜெர்சி மாடு வாங்கினார். அப்போது எங்கள் வீட்டுக்கு வாசலில் ஓலைத் தட்டிதான். நைனா புத்தூரில் இடித்த ஒரு பழைய வீட்டின் வாசல்கதவை வாங்கி வந்து, வீட்டுக்கு வைக்காமல் கொட்டகைக்கு வைத்தார். வீட்டுக்குள் திருட ஒன்றும் இல்லை, மாடு கடன் மாடு என்பது அவருடைய கணக்கு. மாட்டுக்கு வாசக்கதவு, மனுசனுக்குத் தட்டியா என்று தெருவில் எல்லோரும் கேலி செய்தார்கள். அம்மாவுக்கு அது கேலியாகப் படவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் கதவு கிடையாது. அது அவளுக்குச் சொந்தமான முதல் கதவு. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வாசற்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைக்காத வீடு இல்லை. அம்மா படியோடு நிறுத்தவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கதவின் மீதே வீசிக் கழுவி, அடிப்பலகை முழுவதும் மஞ்சளைக் குழைத்து அப்புவாள். பிறகு அரசாங்க வீடு வந்தது, அதற்குப் பிளஷ் டோர் வந்தது, கொஞ்சம் நிலமும் வந்தது. நைனா செத்துப்போன பிறகும் அந்த வரிசை மாறவில்லை. முதலில் கொட்டகை, அப்புறம்தான் வீடு.

முதல் கேள்வி. எது கெட்டது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவை மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தேன். மேல் சட்டமும் நடுப்பலகைகளும் கல் மாதிரி இருந்தன. முழங்காலுக்குக் கீழே வந்ததும் நனைந்த ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. கீழ்க் கீல் பிடிப்பில்லாமல் ஆடியது. ஒரு சாண் உயரத்துக்கு மரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது, ஏன் கெட்டது? கரையான் என்று அம்மா நினைத்திருந்தாள். ஆனால் மண்புற்று எங்கும் இல்லை. மாட்டு மூத்திரமும் கழுவுகிற தண்ணீரும் என்றால் உள்பக்கம்தான் முதலில் மக்கியிருக்க வேண்டும். கதவைத் திறந்து உள்பக்கம் குத்திப் பார்த்தேன். ஓட்டை விழுந்த இடத்தைத் தவிர அது ஓரளவு நன்றாகவே இருந்தது. கொட்டகையின் தரை பின்பக்கம் சரிந்து போவதால் தண்ணீர் கதவை நோக்கி வருவதே இல்லை. மக்கல் வெளியிலிருந்துதான் தொடங்கியிருந்தது. வெளிப்பக்கம் மழைகூடப் படாத அளவுக்குக் கூரை இறங்கியிருக்கிறது. குனிந்து அடிப்பலகையை நகத்தால் சுரண்டினேன். மஞ்சள் ஏடு ஏடாக வந்தது. ஒரு வாரத்தின் மேல் இன்னொரு வாரமாகக் காய்ந்து, தடித்து, அதற்குப் பின்னால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் நின்றிருந்தது.

வேலையில் காரணம் கிடைத்துவிட்டால் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். இப்போதும் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு சாதாரணமாகவே சொன்னேன். கரையான் இல்லை, வெள்ளிக்கிழமைத் தண்ணீர்தான், மஞ்சள் ஈரத்தைக் காயவிடவில்லை.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தாள்.

“அப்போ சாமியே கதவ துன்னுட்சின்றியா?”

“சாமி இல்லம்மா. தண்ணி.”

“தண்ணி ஊத்தாம, மஞ்ச வெக்காம, அப்பறம் இன்னாத்துக்கு கதவு? சாக்கே போதுமே.”

கோபமாகச் சொல்லவில்லை. தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். மரத்தில் புதுக் கதவு போட்டாலும் அவள் கையால் அது மறுபடியும் மக்கும். தகரம் போட்டால் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக. என்ன போட்டாலும் அவள் இங்கே இருக்கிறவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தண்ணீர் விழும். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. விழட்டும், மக்கினால் மறுபடியும் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு வேண்டியதும் அவள் இங்கே இருப்பதுதானே.

அப்போது அண்ணன் போன் செய்தான். கை ஈரமாக இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மாட்டுத் தொட்டி விளிம்பில் வைத்தாள். நான் வந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

“இன்ஜினியரம்மா வந்துட்டாங்களா? இன்னா, ரிப்போர்ட் எழுதிக்கினு இருக்காங்களா?” என்றான். பிறகு அம்மாவிடம், புதுக் கதவும் வேண்டாம் ஒட்டும் வேண்டாம், மாட்டையே விற்றுவிட்டால் கதவைப் பற்றிப் பேச்சே இல்லை என்றான். எப்போதும் போலப் பேசினாலும் குரல் களைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணி ஏதோ பாடி அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரை நிறுத்தினாள். போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு கொட்டகையை விட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றாள். கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் அழுகை நிற்கிறவரை அப்படியே நின்றாள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்தபோது அவள் முகம் இன்னும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது போல மலர்ந்திருந்தது.

அந்த முகத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததில்லை. நான் வருவேன், அவள் குழம்பு வைத்திருப்பாள், சாப்பிடுவேன், மத்தியானம் தூங்குவேன், எழுந்தால் டீ இருக்கும். வாரத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் அந்தத் தூக்கத்தில் ஈடுகட்டிக்கொள்வேன். அவளும் அதிகம் பேசமாட்டாள். அது அமைதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கேள்வியை நான் கேட்க நினைத்திருக்கவில்லை. பதில் என்னிடம் இருப்பதாக நினைத்தேன். இப்போது கேட்டேன்.

“இன்னும் எத்தன நாளைக்கும்மா இந்தக் கதவு தாங்கணும்?”

அம்மா தொட்டியில் கிடந்த வைக்கோலைப் பொறுக்கிக் கீழே போட்டாள். மாடு அவளுடைய தோளை முகர்ந்தது.

“கன்னு போடற வரிக்கும் தாங்குனா போதாதா,” என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

“நீ வாரத்துக்கு ஒரு நாளு வர்ற. துன்னுட்டு, தூங்கிட்டு போற. போதும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். மீதி நாளெல்லாம் இதுங்கிட்டதான் பேசிக்கினு கீறேன் மே. இது எத்தினி கேக்கும், பாவம்.”

“அப்போ அண்ணன் கூப்புட்டப்பவே போயிருக்கலாமேம்மா. ஏன் போவல?”

“நான் போய்ட்டா நீ எங்க வருவ?”

அவள் அதைப் பதிலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் ஏதாவது இடம் சொல்வேன் என்று பார்த்தாள்.

தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் கேட்கும்போதெல்லாம், ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், நான் போக வேண்டும் என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். அதை நானும் நம்பியிருந்தேன். அம்மாவுக்காக நான் வருகிறேன் என்று. இந்தப் பக்கம் அவள், மகள் வருகிறாளே என்று சாக்கையும் கல்லையும் வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புதுசு போடலாம் என்று நான் சொல்லியிருந்தால், அம்மா அந்த இடத்திலேயே வெல்டருக்குப் போன் செய்திருப்பாள். அண்ணனிடம், அவ சொல்லிட்டா, கதவும் வாங்கியாச்சு என்று முடித்திருப்பாள். அவளுக்கு அது போதும். நான் சொன்னால் செய்வதாக முன்பே வாக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கும் அது வேண்டியிருந்தது. அந்த வார்த்தை என் வாயில்தான் இருந்தது.

“ஒட்டுப் போட்டா போதும்மா,” என்றேன். “கன்னு போடற வரைக்கும் நல்லா தாங்கும்.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

அவள் என்னைப் பார்த்தாள். கதவைப் பார்க்கவில்லை.

பிறகு வேலை. கதவைக் கழற்றி இரண்டு கல்லின் மேல் படுக்கவைத்தோம். மக்கியது முடிந்து நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே கோடு போட்டு அறுத்தேன். அம்மா மறுமுனையை முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அறுபட்ட துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை கனமா என்றாள். கனம் தண்ணீருடையது. பரணில் கிடந்த ஒரு பலகையை அளவுக்கு வெட்டி, பின்னால் இரண்டு சட்டம் கொடுத்துத் திருகாணியால் முறுக்கினேன். ஒரு பாமாயில் டின்னைப் பிரித்துத் தட்டிச் சமமாக்கி, வெளிப்பக்கம் அடியில் பட்டையாகப் போர்த்தினேன். கீழ்க் கீலை ஒரு முழம் மேலே நல்ல மரத்துக்கு மாற்றினேன். சேர்ந்த இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்தேன். பலகையில் ஒரு நிறம், டின்னில் ஒரு நிறம், கதவில் ஒரு நிறம். பார்க்க நன்றாக இல்லை. தூக்கி மாட்டியபோது மேல்பக்கம் லேசாக இடித்தது, இழைத்துச் சரிசெய்தேன். மூடிப் பார்த்தேன். அடியில் கைவிரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. அது நாய்க்குப் போதாது.

வேலை நடந்த நேரம் முழுவதும் அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அம்பத்தூர் வீட்டில் தண்ணீர் எப்போது வரும், அண்ணி மாமிசம் சமைப்பாளா, லிப்டில் தனியாக ஏறத் தனக்குப் பயமாக இருக்கும் என்றெல்லாம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசிக் கேட்டேன். லிப்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கதவுப் பலகையில் விரலால் வரைந்து காட்டினேன். அன்று நான் மத்தியானம் தூங்கவில்லை.

கதவு தாங்கியது. மாடு ஒரு விடியற்காலையில் கிடாரிக் கன்று போட்டது. அம்மா வீடியோ காலில் காட்டினாள். கன்று நிற்பதற்கு முயன்று முயன்று விழுந்தது. சில வாரங்கள் கழித்து மாட்டையும் கன்றையும் சேர்த்தே மேலத்தெருவில் ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டது. சேர்த்தே கொடுப்பதாக இருந்தால்தான் கொடுப்பேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அண்ணன் காரோடு வந்து அவளை அழைத்துப் போனான். நான் போய் வீட்டைப் பூட்டினேன். கொட்டகைக்குப் பூட்டு போடவில்லை, உள்ளே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு அம்பத்தூர் போனேன். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தாள். எனக்குத் தோசை ஊற்றுவதற்கு முன்னால், மாவை எடுக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி, இதெல்லாம் கேட்கணுமா அத்தை என்று சிரித்தாள். நல்ல மாதிரிதான் சிரித்தாள். சாப்பிட்டுவிட்டு நான் சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தேன். எங்கே படுப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தை அழுதது. அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தாள். இருட்டுவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது சாயங்காலங்களில் நான் போன் செய்தால், “கொயந்த தூங்குது மே, அப்பறம் பேசறேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைக்கிறாள். பெரும்பாலும் அப்புறம் பேசுவதில்லை. அவளுக்கு நேரமில்லை. எனக்கு அது வருத்தமில்லை என்று சொன்னால் பொய். தப்பு என்று சொன்னாலும் பொய்.

போன மாதம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வேண்டும், யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் கையைச் சோப்பில் தேய்த்துக்கொண்டு குனிந்தே நின்றார்கள். நான் வருகிறேன் என்றேன். அவர் என் பெயரைக் குறித்துக்கொள்ளாமல் என்னைப் பார்த்து, ஊருக்குப் போகவில்லையா, அம்மா தனியாக இருப்பாரே என்று தெலுங்கில் கேட்டார்.

அம்மா இப்போது தனியாக இல்லை என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். நல்லது என்றார். என் பெயரை எழுதிக்கொண்டு, பஸ் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வரும், தயாராக இருங்கள் என்றார்.